'இல்லை' என்று சொன்னதற்குக் கணக்கு உண்டா?

கேள்வி: சேலத்தில் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் வணிகவியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். இந்த ஆண்டு நூலகக் குழு ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. அடுத்த ஆண்டு, கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடுகிற நாக் (NAAC) குழு வரவிருப்பதால், நூலகச் சேவையின் தரத்தை மதிப்பிட்டு அறிக்கை கொடுக்கச் சொல்கிறார் முதல்வர். போன ஆண்டு மாணவர்களிடம் வாங்கிய கருத்துப் படிவத்தில் பத்தில் ஒன்பது பேர் 'மிக நன்று' என்று டிக் அடித்திருக்கிறார்கள். ஆனால் மதியம் இரண்டு மணிக்கு மேல் போய்ப் பார்த்தால் நாற்காலிகள் காலியாகக் கிடக்கின்றன. என் வகுப்புப் பிள்ளைகள் கைடையும் செராக்ஸ் நோட்டையும் வைத்துத்தான் பரீட்சை எழுதுகிறார்கள். படிவத்தை நம்புவதா, நாற்காலியை நம்புவதா? எதிலிருந்து தொடங்குவது?
ஒரு வாசகி, அம்மாபேட்டை

பதில்:

அன்புள்ள பேராசிரியர் அம்மாவுக்கு, வணக்கம்.

நாற்காலியை நம்புங்கள்.

முப்பது வருடம் கல்லூரி நூலகங்களில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். நீங்கள் சொல்கிற மாதிரிப் படிவத்தை நானே அச்சடித்து, வகுப்பு வகுப்பாகக் கொண்டுபோய்க் கொடுத்து, கூட்டியும் பார்த்திருக்கிறேன். கடைசி பீரியட். வீட்டுக்குக் கிளம்புகிற அவசரம். மேலே ரோல் நம்பர் எழுதச் சொல்லியிருப்பார்கள், பக்கத்தில் துறைத் தலைவர் நிற்பார். பிள்ளை 'மிக நன்று' போடாமல் வேறு எதைப் போடும்? இதைவிட முக்கியமான காரணம் இன்னொன்று. பள்ளிக்கூடத்தில் பூட்டிய பீரோவைத் தவிர நூலகம் என்று எதையும் பார்க்காமல் வந்த பிள்ளைக்கு, திறந்த ரேக்கும் சுற்றுகிற மின்விசிறியும் இருந்தாலே பெரிய விஷயம். அது மனதாரத்தான் அப்படிப் போடுகிறது. என்ன எதிர்பார்க்கிறாய் என்று கேட்காமல் திருப்தியா என்று மட்டும் கேட்டால் பதில் இப்படித்தான் வரும்.

சேவைத் தரத்தை ஆராய்ந்தவர்கள் இதை ரொம்ப நாள் முன்பே பிடித்துவிட்டார்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துவிட்டு அமெரிக்காவில் பேராசிரியரான ஏ. பரசுராமனும் அவருடைய சகாக்கள் இருவரும் 1988இல் செர்வ்குவால் என்கிற அளவுகோலை வெளியிட்டார்கள். எதிர்பார்த்தது ஒரு பக்கம், கிடைத்தது ஒரு பக்கம். இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பதுதான் அதன் சாரம். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் வட அமெரிக்க ஆராய்ச்சி நூலகங்களின் சங்கமும் சேர்ந்து அதை நூலகத்துக்குத் தகுந்தபடி மாற்றி, லிப்குவால் என்று பெயர் வைத்தார்கள். அதில் முக்கியமான கேள்விகள் 22. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 9 வரை மூன்று மதிப்பெண் போட வேண்டும். இதற்குக் கீழே போனால் பொறுக்க முடியாது என்கிற அளவு ஒன்று, இப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்கிற அளவு ஒன்று, இப்போது கிடைக்கிற அளவு ஒன்று. மூன்றாவது எண் முதல் எண்ணுக்கும் கீழே விழுகிற இடம்தான் நீங்கள் உடனே கை வைக்க வேண்டிய இடம்.

22 கேள்வியும் உங்களுக்கு வேண்டாம். ஆறோ ஏழோ போதும். தமிழில் கேளுங்கள், ரோல் நம்பர் கேட்காதீர்கள். அதைவிட முக்கியம், நூலகத்துக்கு வராத பிள்ளைகளிடம் கேளுங்கள். நூலகத்துக்குள் உட்கார்ந்திருப்பவரிடம் நூலகம் எப்படி என்று கேட்பது, கோயிலுக்குள் நின்றுகொண்டு சாமி கும்பிடுவீர்களா என்று கேட்பது மாதிரி. கேண்டீனுக்குப் போங்கள், பஸ் நிறுத்தத்துக்குப் போங்கள். "கடைசியா எப்பப்பா லைப்ரரிக்குப் போன? எதுக்குப் போன? கிடைச்சுதா?" என்று கேளுங்கள். இந்த மூன்று கேள்விக்கு வருகிற பதில், ஐம்பது கேள்விப் படிவத்தைவிட அதிகம் சொல்லும்.

ஆனாலும் கருத்துக் கேட்பது பிறகு செய்கிற வேலைதான். முதல் வேலை என்ன என்பதற்கு, என் கையாலேயே நடந்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும்.

ஏற்காட்டைத் தாண்டி நாகலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்து படித்துக்கொண்டிருந்தான். பி.காம். இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. கவுண்டருக்கு வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்று, "சார், காஸ்ட் அக்கவுண்டிங் புக்கு இருக்குங்களா?" என்றான். ரேக்கைப் போய்ப் பார்த்தேன், கண்ணில் படவில்லை. "இல்லப்பா, அப்புறம் வா" என்றேன். அடுத்த வாரம் வந்தான். இல்லை என்றேன். அதற்கடுத்த வாரமும் வந்தான், அன்றைக்கும் அதே பதில். பிறகு வரவில்லை. ஏப்ரலில் ஸ்டாக் வெரிஃபிகேஷன் நடந்தபோது அந்தப் புத்தகம் ஐந்து பிரதி கிடைத்தது. இரண்டு, பொருளியல் ரேக்கில் வரிசைக்குப் பின்னால் விழுந்து கிடந்தன. இரண்டு, பைண்டிங்குக்கு என்று கயிறு கட்டி எட்டு மாதமாக மூலையில் வைத்த கட்டுக்குள் இருந்தன. ஒன்று என் முதுகுக்குப் பின்னால் இருந்த பீரோவில், 'ரெஃபரன்ஸ்' என்று சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டிப் பூட்டியிருந்தது. அவன் மூன்று தடவை நின்ற இடத்திலிருந்து அந்தப் பீரோ ஆறடி தூரம்கூட இல்லை.

கொடுத்த புத்தகத்துக்கு எங்களிடம் ரெஜிஸ்டர் இருந்தது. திரும்பி வந்ததற்கு, தொலைந்ததற்கு, அபராதம் வாங்கியதற்கு, உள்ளே வந்து போனதற்கு எல்லாம் ரெஜிஸ்டர் இருந்தது. அந்தப் பையனிடம் மூன்று தடவை 'இல்லை' என்று சொன்னேனே, அது எந்த ரெஜிஸ்டரிலும் ஏறவில்லை. அந்த வருட ஆண்டறிக்கையில் அந்த ஐந்து பிரதியும் மொத்த எண்ணிக்கையில் சேர்ந்துதான் போயின. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

அடுத்த ஜூனில் ஒரு எண்பது பக்க நோட்டு வாங்கி, கவுண்டரில் நூல் கட்டித் தொங்கவிட்டேன். அட்டையில் 'இல்லை' என்று எழுதினேன். கேட்டுக் கிடைக்காமல் போன ஒவ்வொன்றையும் தேதி போட்டு எழுதுவது. எந்த மொழியில் கேட்டார்கள், ஏன் கொடுக்க முடியவில்லை, பிறகு என்ன ஆனது என்று பக்கத்தில் குறிப்பது. அட்டெண்டருக்குத் தினம் ஐந்து நிமிட வேலை. ஒரு மாதம் கழித்து உட்கார்ந்து பார்த்தபோது எனக்குப் பெரிய அதிர்ச்சி. கல்லூரியில் வாங்காததால் கொடுக்க முடியாமல் போனதைவிட, வாங்கி வைத்திருந்தும் கொடுக்க முடியாமல் போனதுதான் அதிகம். இன்னொன்று, தமிழ் வழிப் பிள்ளைகள் தமிழில் கேட்ட புத்தகங்கள். சிலது உண்மையிலேயே இல்லை. சிலது இருந்தும் கம்ப்யூட்டரில் தேடினால் வரவில்லை. ஏனென்றால் தமிழ்த் தலைப்பை ஆங்கில எழுத்தில் அவரவர் இஷ்டத்துக்கு ஏற்றி வைத்திருந்தோம். பிள்ளை 'அடக்கவிலைக் கணக்கியல்' என்று தமிழில் அடித்தால் எப்படி வரும்? உங்கள் நூலகத்தில் இருக்கிற மென்பொருள் கோஹாவாக இருந்தாலும் சோலாக இருந்தாலும் தமிழ் எழுத்திலேயே ஏற்ற முடியும். உங்கள் ஓபாக்கில், அதாவது கம்ப்யூட்டரில் புத்தகம் தேடுகிற பட்டியலில், இன்றைக்கே நான்கு தமிழ்த் தலைப்பை அடித்துப் பாருங்கள்.

ஆகவே உங்கள் முதல் வேலை அந்த நோட்டு. இரண்டாவது வேலையும் அதைச் சேர்ந்ததே. ஒவ்வொரு துறையிலும் பெரியார் பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தை வாங்கி, பாடநூல், பார்வை நூல் என்று போட்டிருக்கிற தலைப்புகளிலிருந்து மொத்தம் 100 எடுங்கள். நூலகத்தோடு அதிகம் பழக்கமில்லாத இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் நான்கு பேரிடம் ஆளுக்கு 25 கொடுங்கள். யாரும் உதவி செய்யக் கூடாது. அவர்களே தேடி, ரேக்கிலிருந்து எடுத்துக்கொண்டு வரட்டும். எடுத்து வந்தது எத்தனை, வராதது எத்தனை, ஒவ்வொன்றும் ஏன் வரவில்லை என்று எழுதுங்கள்.

பால் கேண்டர் என்கிற ஆராய்ச்சியாளர் 1976இல் இதை ஒரு முறையாகவே வகுத்தார். ஒரு புத்தகம் வாசகர் கைக்கு வர நான்கு கதவைத் தாண்ட வேண்டும். கல்லூரி அதை வாங்கியிருக்க வேண்டும். வேறு யாரும் எடுத்துப் போயிருக்கக் கூடாது. அதன் இடத்தில் அது இருக்க வேண்டும். அங்கே இருப்பதைப் பிள்ளைக்குக் கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும். ஒவ்வொரு கதவிலும் நூற்றுக்கு எண்பது தாண்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எண்பது நல்ல மார்க் என்றுதான் தோன்றும். ஆனால் நான்கு கதவையும் தாண்டிக் கைக்கு வருவது 41 மட்டுமே. நூற்றில் எண்பது சதவீதம், அதில் எண்பது சதவீதம் என்று நான்கு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள், புரியும். துறை வாரியாக எல்லாம் நன்று என்று அறிக்கை வந்தும் பிள்ளை வெறுங்கையோடு திரும்பிப் போவது இதனால்தான்.

இந்த முறையில் எனக்குப் பிடித்தது, எந்தக் கதவில் அடைப்பு என்று தெரிந்துவிட்டால் யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். முதல் கதவென்றால் துறைத் தலைவர்களும் கொள்முதல் குழுவும். இரண்டாவது கதவென்றால் பிரதி போதவில்லை, அல்லது ஆசிரியர்கள் எடுத்துப் போய் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கிறார்கள். (இதைச் சொல்லச் சங்கடமாக இருக்கிறது, ஆனாலும் உங்கள் துறை அறை மேசைகளை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.) மூன்றாவது கதவென்றால் ரேக்கை வாரம் ஒரு முறை வரிசைப்படுத்த ஆள் இல்லை. நான்காவதென்றால், முதலாண்டுப் பிள்ளைகளை ஜூலையில் கும்பலாகக் கூட்டிவந்து கால் மணி நேரம் சுற்றிக் காட்டி அனுப்பியதோடு சரி.

புத்தக எண்ணிக்கையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 'எங்களிடம் இத்தனை ஆயிரம் நூல்கள்' என்று ஆரம்பிக்காத கல்லூரி அறிக்கையை நான் பார்த்ததில்லை. பிட்ஸ்பர்க் பல்கலைக்கழக நூலகத்தில் நடந்த ஆய்வு ஒன்று 1979இல் வந்தது. அங்கே வாங்கிய புத்தகங்களில் ஏறக்குறைய 40 சதவீதம், வாங்கிய ஆறு வருடத்துக்குள் ஒரு தடவைகூட வெளியே போகவில்லை. அவ்வளவு பெரிய நூலகத்திலேயே அப்படி. நீங்கள் நேராக வணிகவியல் ரேக்குக்குப் போங்கள். கண்ணை மூடிக்கொண்டு முப்பது புத்தகம் எடுங்கள். பின்னட்டைக்கு உள்ளே ஒட்டியிருக்கிற டியூ டேட் சீட்டைப் பாருங்கள், கடைசி முத்திரை எந்த வருடம்? பார்கோடு வந்தபிறகு முத்திரை குத்துவதை விட்டுவிட்டார்கள் என்றால் மென்பொருளில் அந்த அக்சஷன் நம்பரின் (ஒவ்வொரு பிரதிக்கும் நூலகம் கொடுக்கிற பதிவு எண்) வரலாற்றைக் கேட்டு வாங்குங்கள். பிறகு முன்பக்கத்தில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள். இது உங்கள் துறை என்பதால் உங்களுக்கே நன்றாகத் தெரியும். கம்பெனிச் சட்டம் 2013இல் மாறிவிட்டது. ஜி.எஸ்.டி. 2017 ஜூலையில் வந்துவிட்டது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் வந்துவிட்டது. 1956 கம்பெனிச் சட்டத்தையும் விற்பனை வரியையும் சொல்லிக்கொடுக்கிற புத்தகம் பாட ரேக்கில் நிற்பது, இல்லாமல் இருப்பதைவிட மோசம். அதை நம்பிப் படித்த பிள்ளை பரீட்சையில் தப்பாக எழுதும். பழையதை வீட் அவுட் செய்தால் எண்ணிக்கை குறையுமே, நாக் குழு என்ன சொல்லுமோ என்று பயப்படுவார்கள். முறைப்படி தீர்மானம் போட்டு நீக்குவதை எந்தக் குழுவும் குறை சொல்லாது. வரலாற்று மதிப்புள்ளதைத் தனியாக வைத்துவிட்டால் போதும்.

இனி உங்கள் காலி நாற்காலி. கேட் ரெஜிஸ்டரை நம்பாதீர்கள். நாக் கேட்கிற விவரங்களில், ஒரு நாளைக்குச் சராசரியாக எத்தனை ஆசிரியர், மாணவர் நூலகத்தைப் பயன்படுத்தினார்கள் என்பதும் ஒன்று. அதனால் பல இடங்களில் வகுப்போடு கூட்டி வந்து கையெழுத்து வாங்கி அனுப்புகிறார்கள். அதற்குப் பதிலாக ஒரு வாரம், காலை பதினொன்று, மதியம் ஒன்று, மூன்று என்று மூன்று வேளை நூலகத்துக்குள் நடந்து போய்த் தலையை எண்ணுங்கள். எத்தனை பேர் என்பதோடு, என்ன செய்கிறார்கள் என்றும் பாருங்கள். நூலகப் புத்தகம் படிக்கிறார்களா, சொந்த நோட்டா, போட்டித் தேர்வுக்கா, மின்விசிறிக்கு அடியில் உட்கார வந்தார்களா? மின்விசிறிக்காக வருவதும் தப்பில்லை. சேலத்து ஏப்ரல் வெயிலில் உட்கார நிழலும் குடிக்கத் தண்ணீரும் கொடுப்பது நூலகச் சேவையில் சேர்த்திதான். லிப்குவால் பார்க்கிற மூன்று பெரிய தலைப்பில் ஒன்று, நூலகம் ஓர் இடமாக எப்படி இருக்கிறது என்பதே.

இரண்டு மணிக்கு மேல் ஏன் காலி என்று பஸ் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். ஏற்காடு மலையிலிருந்து வருகிற பிள்ளை 20 கொண்டை ஊசி வளைவு ஏறிப் போய், அங்கிருந்து கிராமத்துக்கு இன்னொரு வண்டி பிடிக்க வேண்டும். முதல் வண்டியை விட்டால் இரண்டாவதும் போய்விடும். உங்கள் அம்மாபேட்டையில் தறிக்குப் போகிற பிள்ளைகள் இருப்பார்கள். செவ்வாப்பேட்டைப் பக்கம் கொலுசுப் பட்டறையில் மாலையில் பற்றவைப்பு வேலைக்கு உட்காருகிற பிள்ளைகள் இருப்பார்கள். இவர்களுக்கு, வகுப்பு முடிந்தபிறகு திறந்திருக்கிற நூலகத்தால் ஒரு பிரயோசனமும் இல்லை. காலையில் எட்டரைக்குத் திறக்க முடியுமா? வகுப்பு இடைவேளையில், கவுண்டரில் வரிசை நிற்காமல் புத்தகம் கொடுக்க முடியுமா? வெள்ளிக்கிழமை எடுத்துத் திங்கட்கிழமை கொடுக்கிற மாதிரி, ரெஃபரன்ஸ் புத்தகத்தையும் வீட்டுக்கு அனுப்ப முடியுமா? சீர்காழியில் பிறந்து, 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரான எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலாக வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. ஒரு நாள் கடிகாரத்தோடு கவுண்டர் பக்கத்தில் உட்காருங்கள். கேட்ட நிமிடத்திலிருந்து கையில் வாங்கிய நிமிடம் வரை எழுதுங்கள். அந்த எண்ணை அறிக்கையின் முதல் பக்கத்தில் போடுங்கள்.

மின்வளங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். காந்திநகரில் இருக்கிற இன்ஃப்ளிப்நெட் மையத்தின் என்-லிஸ்ட் திட்டத்தில் உங்கள் கல்லூரி இருந்தால், 6,000க்கு மேற்பட்ட ஆய்விதழ்களும் லட்சக்கணக்கில் மின்னூல்களும் கிடைக்கும். அரசுக் கல்லூரி என்றால், ஆய்விதழ்களுக்காக 2025 ஜனவரியில் தொடங்கிய ஒரே நாடு ஒரே சந்தா திட்டத்தையும் கேட்டுப் பாருங்கள். ஆனால் சந்தா கட்டிய ரசீது சேவை ஆகாது. எத்தனை பிள்ளைகளுக்கு யூசர் ஐடி வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள், போன மாதம் எத்தனை பேர் உள்ளே போனார்கள் என்று கேளுங்கள். பத்துப் பேரைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காரவைத்து, அவரவர் பாடத்தில் ஒரு கட்டுரையை எடுக்கச் சொல்லுங்கள். எத்தனை பேர் எடுத்தார்கள் என்பதே மதிப்பீடு. பலரிடம் இருப்பது செல்போன்தான் என்பதால் அதிலும் ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள். இதையெல்லாம் தொடங்கும் முன்னால் உங்கள் நூலகரிடம் போய் உட்கார்ந்து பேசுங்கள். பல கல்லூரிகளில் ஒரு நூலகர், ஓர் அட்டெண்டர், அதற்கு மேல் ஆள் கிடையாது. அட்டெண்டரையும் பரீட்சை வேலைக்கும் ஆபீசுக்கும் இழுத்துக்கொள்வார்கள். ரேக் கலைந்து கிடப்பதற்கு நூலகர் காரணம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 100 தலைப்பு பரிசோதனையில் மூன்றாவது கதவு அடைத்திருப்பது தெரிந்தால், இன்னோர் ஆள் வேண்டும் என்று அவர் பத்து வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பதற்கு அதுவே ஆதாரம். அந்தத் தாளை முதல்வரிடம் நீங்கள் கொண்டுபோனால் கிடைக்கிற மரியாதை அவருக்குத் தனியாகப் போனால் கிடைக்காது. என்னைத் தேடி அப்படி ஒரு பேராசிரியரும் வந்ததில்லை. வந்திருந்தால் அந்த நாகலூர்ப் பையன் வெறுங்கையோடு போயிருக்க மாட்டான்.

நாக் படிவத்தில் கேட்கிற விவரங்களை, நூலகம் கணினிமயமா, மின்வளச் சந்தா உண்டா, செலவு எவ்வளவு, பயன்பாடு எவ்வளவு என்பவற்றை, உள்ளது உள்ளபடி கொடுத்துவிடுங்கள். அதோடு 100 தலைப்பு பரிசோதனையை இரண்டு தடவை செய்து இணையுங்கள்: இந்தப் பருவத்தில் ஒன்று, குறையைச் சரிசெய்தபிறகு அடுத்த பருவத்தில் ஒன்று. முதல் தடவை 41 வந்தால் 41 என்றே எழுதுங்கள். குழுவில் வருகிறவர்களும் கல்லூரி ஆசிரியர்கள்தான். நேராக ஒரு மாணவியைப் பார்த்து, "நேத்து என்ன புத்தகம் எடுத்தே?" என்று கேட்கத் தெரிந்தவர்கள்.

திங்கட்கிழமை ஒரு நோட்டு வாங்கிக் கவுண்டரில் கட்டிவிடுங்கள். ஒரு மாதம் ஆனதும் வணிகவியல் சம்பந்தப்பட்ட பக்கங்களை மட்டும் படமெடுத்து எனக்கு அனுப்புங்கள். எந்தப் புத்தகத்துக்கு எத்தனை பிரதி வாங்கலாம், எந்தப் பீரோவைத் திறந்துவிடலாம் என்று நாம் சேர்ந்தே பார்ப்போம்.